அவர், அவன், அவங்க

"மார்ச் 4, புதன். பாட்டின் முதல் வரியிலேயே ஒரு சின்னத் தப்பு செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன். 'அவர்' என்று எழுதிவிட்டேன்."

யாமினி டைரியை மூடினாள். ரவுண்ட் ராக் என்ற அமெரிக்க ஊரில் மாலை நேர கிட்டார் வகுப்புக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை விழாவில் ஆளுக்கொரு பழைய கன்ட்ரி பாட்டை, அதாவது அமெரிக்க கிராமியப் பாட்டை, தங்கள் மொழியில் எழுதிப் பாட வேண்டும். அவளுக்கு வந்தது, புருஷன் எவ்வளவு தாமதமாக வந்தாலும் வாசல் விளக்கை அணைக்காதே என்று பெண்ணுக்குச் சொல்லும் பாட்டு. குழந்தைகூட முணுமுணுக்கும் மெட்டு. வகுப்பில் அதைக் கேட்டுப் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். மீதிப் பேர், பெண் என்ன வாட்ச்மேனா என்று கொதித்தார்கள். ஒரே பாட்டு இரண்டையும் செய்ததில் யாமினி பிரமித்துப் போனாள். இதைக் கெடுத்தால் இனி கிட்டாரைத் தொடுவதில்லை என்று முடிவும் செய்தாள்.

'அவர் வரும்வரை' என்றதுமே தோழி மஹா போனில் நிறுத்தினாள்.

"அவரா? லேட்டா வர்றவனுக்கு மரியாதை வேறயாடி?"

'அவன்' என்று மாற்றி வாசலில் பாடிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு சேனாபதி அங்கிள் செடிக்குத் தண்ணீர் விட்டபடி கேட்டார்.

"அவனா? கதிர் மூஞ்சிய யோசிச்சியாம்மா?"

"இது பாட்டுல வர்ற புருஷன், அங்கிள்."

"ஆடியன்ஸ் திரும்பிப் பாக்குறது உன் புருஷனைத்தான்."

அந்தச் சொல்லையே எடுத்துவிட்டாள். சாப்பிடும்போது கதிர் வாசித்தான்.

"வரும்வரை விளக்கை அணைக்காதே. யாரு, பீட்சாவா?"

"கிண்டல் இருக்கட்டும். முதல்ல நீ வாசல் லைட்டை ஆஃப் பண்ணக் கத்துக்கோ. க்ளாஸ் முடிஞ்சு நான் வந்துதான் அணைக்கிறேன்."

"மறந்துடுது" என்று அவன் தட்டைக் கழுவப் போனான்.

வெள்ளிக்கிழமை 'அவங்க' என்று வைத்தாள். மரியாதையும் ஆச்சு, பேச்சு வழக்கும் ஆச்சு.

"அவங்கன்னா எத்தனை பேருடி?" என்றாள் மஹா.

அன்று மாலை அங்கிளையும் அவர் மனைவி ஷ்யாமளா ஆன்ட்டியையும் உட்கார வைத்துப் பாடிக் காட்டினாள். முடிந்ததும் கதிர் டீ போடுவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் நழுவினான்.

யாமினி கிட்டாரைக் கீழே வைத்தாள். "சரியா வரலை. விட்டுடுறேன், அங்கிள்."

"ஏன் விடணும்?" என்றாள் ஆன்ட்டி. "அவங்கன்னா நீதானேம்மா? நீ க்ளாஸ் முடிஞ்சு வர்ற வரைக்கும் கதிர் அந்த லைட்டை அணைக்கிறதே இல்ல. நேரா எங்க பெட்ரூம்ல அடிக்குது. நீ அவன் பாட்டைத்தான் எழுதியிருக்கேன்னு நினைச்சேன்."

சமையலறையில் ஒரு டம்ளர் உருண்டது.

"மார்ச் 6, வெள்ளி. ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கிட்டார் நான். பாட கதிர் சம்மதித்துவிட்டான். நாளை: சுருதியை அவன் குரலுக்கு இறக்க வேண்டும்."