தூசித் தலைப்பே தேவலை

திருப்பூர்,
வெள்ளிக்கிழமை.

மடத்துக்குளம் மச்சான் வேல்குமார் அவர்களுக்கு, தங்கச்சி வீட்டுக்காரன் லிங்கசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே சாரதாமணி சௌக்கியம், பனியன் கம்பெனி சௌக்கியம், எனக்கு மட்டும் நெஞ்சு படபடப்பு. அங்கே அக்காவும் தென்னந்தோப்பும் நலமாயிருக்கப் பழனி முருகனை வேண்டுகிறேன். போனில் பேசினால் உங்கள் மருமகள், என் மகள் கீர்த்தனா காதில் விழுந்துவிடும் என்பதால் காகிதத்தை எடுத்திருக்கிறேன்.

அவள் பொது சுகாதார மேல்படிப்புப் படிக்கிறாள் அல்லவா, இந்த வருடம் ஒரு ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம், அதற்கு முன்னால் எதை, எங்கே, யாரிடம் ஆராயப்போகிறேன் என்று ப்ரபோசல் எழுதி, கல்லூரியில் நெறிமுறை பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி என்று இருப்பவர்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டுமாம். எழுதட்டும் என்று நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். எழுதிக் காட்டினாள். தலைப்பு, பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறவர்களின் மூச்சுக் கோளாறு. இடம், நம்ம கம்பெனி. எனக்கு அங்கேயே வேர்த்துவிட்டது. நாலு பேருக்கு இளைப்பு என்று இவள் எழுதி, அது நம்ம பனியனை வாங்குகிற வெளிநாட்டு பையர் காதுக்குப் போய், ஆர்டர் நின்று, நான் பழையபடி அடுத்தவன் கம்பெனி கட்டிங் மேசையில் நிற்கிற மாதிரியே கண்ணில் தெரிந்தது.

முடியாது என்று சொல்லவும் பயம். அனுமதி கொடுத்தேன். கொடுத்துவிட்டு, பையர் ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். கேள்விகளை முன்னோட்டம் பார்க்க அவள் வருவதற்கு முந்தின நாள் எல்லோரையும் கூட்டி, பதில் சொல்லிக்கொடுத்து, மூலையில் கிடந்த முகக்கவசங்களைத் தட்டி ஆளுக்கொன்று மாட்டிவிட்டு, தரையையும் கழுவினேன். நம்ம ஆட்கள் ஆடிட்டில் பழகியவர்கள். செக்கிங் பிரிவு மயிலாளிடம், இருமல் உண்டா என்று இவள் கேட்டிருக்கிறாள். "அவசர வழி ரெண்டு இருக்குதுங்க கண்ணு, குடிக்கறதுக்கு நல்ல தண்ணிதானுங்க தர்றாங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா முகக்கவசத்துக்குள்ளேயே இருமியிருக்கிறார். ஓவர்லாக் மிஷினில் தைக்கிற மாரப்பன் கேள்வி முடியும் முன்பே பதிலை முடித்துவிட்டாராம். ஒருத்தருக்கும் ஒரு நோவும் இல்லை. தப்பித்தோமடா சாமி என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் மகள் கல்லூரியிலிருந்து குதித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு வழிகாட்டும் சித்ரகலா மேடம் அந்தப் பதில்களைப் படித்துவிட்டு, இத்தனை பேரும் அச்சுப் பிசகாமல் ஒன்றையே சொல்கிறார்களே, தூசியை விடு, இதைத்தான் ஆராய வேண்டும் என்றாராம். புதுத் தலைப்பு என்ன தெரியுமா? நோயை மறைக்கத் தொழிலாளர்களுக்கு யார், எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது. அந்த யார், நான்தானுங்க மச்சான். பெயரெல்லாம் வராது, ரகசியம் என்கிறாள். பெயர் எதுக்குங்க, மகளை இந்தப் படிப்புப் படிக்க வைத்த கம்பெனிக்காரன் ஊருக்குள்ள வேற எவன் இருக்கிறான்? சோறு எறங்க மாட்டேங்குது. வாசல்ல கார் நின்னாலே பையர்தானோன்னு எட்டிப் பாக்கறேன். திங்கக்கெழமை கமிட்டியில குடுக்கறாளாம். தாய்மாமன் சொன்னாத்தான் கேப்பா. ஞாயித்துக்கெழமை மொதல் பஸ்ஸுக்கே வந்து, தூசித் தலைப்பே தேவலை கண்ணுன்னு நீங்களாச் சொல்ற மாதிரி சொல்லிப் போடுங்க. நான் எழுதினது தெரிய வேண்டாமுங்க.

பெரியவர்களுக்குக் கும்பிடும், பிள்ளைகளுக்கு ஆசியும், தோப்புக்கு நல்ல மழையும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கச்சி வீட்டுக்காரன்,
லிங்கசாமி

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள் மச்சான். உறை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது கீர்த்தனா எதிரில் வந்து உட்கார்ந்து, "ஏனுங்கப்பா அப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டாள். பையர், ஆர்டர் என்று ஆரம்பித்தேன். வாயில் வந்தது வேறு. "மயிலாளுக்கு நெசமாலுமே நோவுன்னு நீ கண்டுபுடிச்சுட்டா, அப்புறம் நான் தெரியாத மாதிரி இருக்க முடியாதே கண்ணு." அவள் தூசித் தலைப்பையே எழுதுகிறேன் என்றாள். ஆனால் ஒப்புதல் வந்ததும் நானே ஆட்கள் முன்னால் நின்று, உள்ளதைச் சொல்லுங்க என்று சொல்லி, மூச்சை ஊதிப் பார்க்கும் கருவியில் முதல் ஆளாக ஊத வேண்டுமாம். சரி என்றுவிட்டேன். நானும் வருஷக்கணக்கா அதே தூசியில நின்னவன்தானுங்களே. ஞாயித்துக்கெழமை வர வேண்டாம். நான் ஊதற அன்னைக்கு வாங்க மச்சான், பக்கத்துல நிக்க ஒரு ஆள் வேணுமுங்க.