மூன்று தேசிக்காய்களின் மேல் ஒரு புறப்பாடு

கனவு காண்பதற்கு லைசென்ஸ் தேவையில்லை. என்னைப் போன்றவர்கள் இன்னும் தெருவில் சுதந்திரமாக நடமாடுவதற்கு அதுதான் காரணம்.

நான் மெல்பேர்ணில் ஒரு விமானம் கட்டினேன். (காகிதத்தில் அல்ல. உண்மையான விமானம்.) பாகங்கள் பெரிய மரப்பெட்டிகளில் வரும், பொருத்தி, ஒட்டி, தேய்த்து நாமே விமானமாக்க வேண்டும். இரண்டு பேர் இருக்கலாம். ஊர்ந்து போகிற ரகம் அல்ல. காலைத் தேநீரை வீட்டில் குடித்துவிட்டுப் புறப்பட்டால், மத்தியானத்துக்கு முன்பே சிட்னி ஹரிஸ் பார்க்கில் ஜிலேபி தின்னலாம், அவ்வளவு வேகம்.

வருடக்கணக்காக எங்கள் கார் மழையில் நனைந்தது. கராஜுக்குள் ஒரு வெள்ளை உடல் மீனைப் போல வளர்ந்தது. சனிக்கிழமைப் பின்னேரங்களில் அதற்குள் ஏறி, கண்ணாடி மூடியைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் கராஜ் கூரை கரைந்துவிடும். கீழே யாரா ஆறு வெள்ளிக் கம்பியாய் வளையும். முகில்கள் மூக்கை உரசிக்கொண்டு போகும். அப்போது மனைவி சாந்தினி கண்ணாடியில் தட்டி, "தரையிறங்கின பிறகு குப்பை வாளியை வெளியில வையுங்கோ" என்பாள்.

ஒருநாள் அந்த உடலை ட்ரெயிலரில் ஏற்றி விமானத்தளத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். இரண்டு செட்டைகளும், அதாவது இறக்கைகளும், அடுத்த நடையில் போவதாக ஏற்பாடு. வழியில், மலையடிவாரத்துப் பிள்ளையார் கோயிலில் வாகன பூசை. புதுக் கார்களுக்கு நடுவே செட்டையில்லாத என் விமானம் மாலையோடு நின்றது. குழந்தைகள் தொட்டுப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ட்ரெயிலரிலேயே நிக்கட்டுமப்பா" என்றாள் சாந்தினி.

"தேசிக்காய் நசியாட்டிப் பூசை முடியாது" என்றேன். (சக்கரத்துக்கடியில் எலுமிச்சை நசிய வேண்டும் என்ற சாத்திரம் கற்றவன் மாதிரி.)

தரையில் இறக்கிய விமானத்தை ஐயர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "தம்பி, மூண்டு சில்லுதானே? மூண்டு தேசிக்காய் வைக்கிறன். நீங்கள் ஏறி இருங்கோ."

ஏறினேன். மூடியைச் சாத்தினேன். மேளச்சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. கற்பூரப் புகை கண்ணாடியைச் சுற்றி முகிலாய்ப் படர்ந்தது. பின்னால் இரண்டு பேர் தள்ளினார்கள். சில்லுகள் மெதுவாக ஏறி இறங்கின. யூக்கலிப்டஸ் மரங்கள் பின்னோக்கி மிதக்கத் தொடங்கின. வானம் அகலமாகத் திறந்தது. எத்தனையோ வருடமாகக் கண்ட கனவு. இந்த முறை மரங்களும் சேர்ந்து நகர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டேன்.

தள்ளியவர்கள் எப்போதோ கையை எடுத்துவிட்டார்கள். கோயில் வாகனத் தரிப்பிடம் ஒரு சரிவு என்பது பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. பிறேக்குக்கு நான் இன்னும் எண்ணெய் விடவில்லை என்பது அதற்கும் பிறகு. தரையில் இந்த விமானத்தைத் திருப்புவதும் அதே பிறேக்கால்தான்.

"வழி விடுங்கோ! விமானம் வருது!" என்று ஐயர் கத்தினார். எந்தக் கோயிலிலும் எந்த ஐயரும் சொல்லியிருக்க மாட்டார்.

கண்ணைத் திறந்தேன். நேர் எதிரே அன்னதானப் பந்தல். தட்டோடு வரிசையில் நின்ற அன்ரிமார் என்னைப் பார்த்தபடி உறைந்து நின்றார்கள். பிறேக்கை மிதித்தேன், கால் உள்ளே போனது, வேறொன்றும் நடக்கவில்லை. உடனே பறக்கப் பழகிய பாடமெல்லாம் கைக்கு வந்தது. கட்டுப்பாட்டுத் தடியைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் நெஞ்சோடு இழுத்தேன்.

விமானம் திரும்பியது. மேலே அல்ல, பக்கவாட்டில். பட்டுச்சேலையோடு ஓடிவந்த சாந்தினி வாலைக் கட்டிப்பிடித்துத் தன் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்திருந்தாள். பந்தலுக்குப் பதிலாக, உட்காருவதற்கென அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் கதிரைகளுக்குள் மூக்கைச் செருகி நின்றோம். மூக்கு நுனியில் சுழலும் மர விசிறி படாரென்று முறிந்தது. பிறகு ஒரே அமைதி. ஒரு கதிரை மட்டும் சாவகாசமாக உருண்டு வந்து நின்றது.

மூடியைத் திறந்தேன். செருப்பில்லாமல், மூச்சு வாங்கியபடி சாந்தினி நின்றாள்.

"அந்தத் தடியை ஏன் இழுத்தனீங்கள்?"

"மேல ஏறுவமெண்டு..."

"செட்டை வீட்டில கிடக்குது!"

அன்ரிமார் வரிசையில் முதற்சிரிப்பு வெடித்தது. ஐயர் மட்டும் பொறுப்பாகக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "தேசிக்காய் மூண்டும் வடிவா நசிஞ்சிருக்கு, தம்பி. பூசையில ஒரு குறையும் இல்லை."

சாந்தினியின் அந்த வசனம் எங்கள் வீட்டில் பழமொழியாகிவிட்டது. நேர்முகத் தேர்வுக்கு முன்பே நான் புது வேலைக்குச் சப்பாத்து வாங்கினாலும், மச்சான் பெண் பார்க்க முன்பே மண்டபம் விசாரித்தாலும், தமிழில் வாயே திறக்காத மகள் அபி தெளிவாகச் சொல்லுவாள்: "செட்டை வீட்டில கிடக்குது."

புது விசிறி வந்தது, செட்டைகள் பூட்டப்பட்டன, விமானம் பறந்தது. ஏறவே மாட்டேன் என்று நின்ற சாந்தினி ஒரு காலையில் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓடுபாதையின் தொடக்கத்தில் நின்றோம். என் கண்கள் வழக்கம்போல எங்கோ போய்விட்டன. அவள் இடப்பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு வலப்பக்கம்.

"ரெண்டும் இருக்கு" என்றாள். "இப்ப இழுங்கோ."