சபைக் காலண்டரில் ராகு காலம்

தற்பெருமை பேசக் கூடாது என்ற தலைப்பில் ஞாயிறு பள்ளியில் பேச்சுப்போட்டி வைத்தார்கள். அதில் எனக்குத்தான் முதல் பரிசு. அதை இன்றுவரை யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்பது இதிலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இந்தக் குணம் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சிவகாசியில் பாதிப் பேருக்குத் தான்தான் ஊசி போட்டோம் என்பது அவர் எண்ணம். (மீதிப் பாதி ஊசியைப் பார்த்து ஓடிப்போனவர்கள்.) நான் சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் சேர்ந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அவர்கள் சொன்னதும் ஊருக்கு வந்துவிட்டேன். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எம் மக இங்கன உக்காந்துக்கிட்டே அமெரிக்காவுக்கு வேலை பாக்கா" என்று பால்காரரிடம் சொல்வார். அவர் யோசித்துவிட்டு, "அப்ப ராத்திரிக்கும் பால் ஊத்தணுமா சிஸ்டர்?" என்று கேட்பார்.

அந்தச் சமயத்தில் எங்கள் கம்பெனி முழுக்க ஏ.ஐ. காய்ச்சல். முந்தின நாள்வரை புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர்கள் விடிந்ததும் ஏ.ஐ. நிபுணர் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒரு புதுக் கருவி வரும். போன வாரத்துக் கருவியை வைத்திருப்பவனை ஊசிப்போன சாம்பாரைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். மேனேஜர் கூட்டம் போட்டு, "இனிமேல் புரோகிராம் எழுதுவது இயந்திரத்தின் வேலை, நமக்கு மேற்பார்வை மட்டும்தான்" என்றார். கொஞ்ச நாளிலேயே மேற்பார்வையாளர்களில் சிலரைக் காணோம். மிச்சமிருந்த நாங்கள் பயந்துபோய் இன்னும் வேகமாக மேற்பார்வை பார்த்தோம். அதாவது, இயந்திரம் எழுதித் தந்ததைப் படிக்காமலேயே 'ஓகே' அழுத்தினோம்.

இயந்திரத்தின் சாமர்த்தியத்தைச் சும்மா சொல்லக் கூடாது. கேட்ட நிமிடத்தில் எழுதித் தரும். எழுதியது சரியா என்று பார்க்கத் தானே கேள்வித்தாள் தயாரித்து, தானே பரீட்சை எழுதி, தானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்ளும். நான் படித்த காலத்தில் இந்த வசதி இருந்திருந்தால் கணக்கில் தங்கப் பதக்கம் வாங்கியிருப்பேன்.

இப்படி நான் தலைகீழாக நடந்துகொண்டிருந்த நேரத்தில் எங்கள் திருச்சபைக்கு நூற்றாண்டு வந்தது. வீட்டுக்கு வீடு தினசரி காலண்டர் கொடுப்பது, ஒவ்வொரு நாள் தாளிலும் ஒரு வேத வசனமும் அன்றைய சபை நிகழ்ச்சியும் போடுவது என்று கமிட்டியில் முடிவானது. ஊரே காலண்டர் அடிக்கிற ஊர். யாரிடம் கொடுப்பது என்பதுதான் சண்டை. ஓய்வு பெற்ற தமிழாசிரியை பாக்கியம் டீச்சர் தனக்குத் தெரிந்த பெரிய பிரஸ் ஒன்றைச் சொன்னார். பெண்கள் சங்கச் செயலாளராகிய என் அம்மா எழுந்து நின்றார்.

"எங்க கொழுந்தனார் பிரஸ் இருக்கு. எம் மக கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுப்பா. அதுல ஏதாச்சும் கோளாறு வந்துச்சுன்னா நான் செயலாளர் பதவிய விட்டுட்டுப் போயிருதேன்."

அந்தப் பதவியில் அம்மா பல வருஷமாக இருக்கிறார். அப்பா போன பிறகு அவரை எழுப்பி நடமாட வைத்தது அதுதான். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் "ஒரு சாயந்தர வேலைம்மா" என்று சொன்னேன்.

சித்தப்பாவின் பிரஸ்ஸில் தீபாவளிவரை வெடிப் பெட்டிக்கு லேபிள் ஓடும். அது முடிந்ததும் காலண்டர் சீசன். பக்கம் அமைக்கிற ஆள் கோயம்புத்தூருக்குப் போய்விட்டதால் சித்தப்பா தவித்துக்கொண்டிருந்தார். நான் ரட்சகி போலப் போய் இறங்கினேன். அம்மா தட்டச்சு செய்திருந்த வசனங்கள், சபை நிகழ்ச்சிகள் இரண்டையும் இயந்திரத்துக்குக் கொடுத்தேன். பிரஸ் சுவரில் ஒரு மளிகைக் கடைக் காலண்டர் தொங்கியது. அதன் தாள் ஒன்றைப் படம் பிடித்து, 'இதே மாதிரி அழகாக வர வேண்டும்' என்று ஒற்றை வரி எழுதினேன்.

அழகு என்று நான் நினைத்தது கட்டத்தையும் எழுத்தையும். இயந்திரமோ அந்தத் தாளில் இருந்த அத்தனையும் அழகு என்று எடுத்துக்கொண்டது. வருஷம் முழுவதற்குமான தாள்கள் காபி ஆறுவதற்குள் வந்துவிட்டன. ஜனவரி முதல் தேதியைப் பார்த்தேன், கிறிஸ்துமஸைப் பார்த்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. (அந்த இரண்டு நாளும் ஆராதனை, நற்கருணை, விருந்து என்று தாள் நிரம்பிவிடும், காலி இடமே இருக்காது என்பது அப்போது உறைக்கவில்லை.)

"ஏ புள்ள, எல்லாத்தையும் ஒரு தடவ படிச்சுப் பாத்துருவமா?" என்றார் சித்தப்பா. "லேபிளுக்கே நான் புரூஃப் பாக்காம அடிக்க மாட்டேன்."

"அதெல்லாம் அந்தக் காலம் சித்தப்பா. இப்ப யாரும் படிக்கிறதில்ல. எங்க கம்பெனியிலயே படிக்கிறதில்ல."

அவருக்கு வெளியே மூன்று லோடு காகிதம் இறங்கிக்கொண்டிருந்தது. படித்த பிள்ளை சொல்கிறது என்று மிஷினை ஓட்டிவிட்டார். ஒவ்வொரு தாளின் அடியிலும் 'வடிவமைப்பு: செல்வி கிரேஸ், பி.இ.' என்று பொடி எழுத்தில் போடச் சொன்னது மட்டும் முழுக்க முழுக்க என் சொந்த யோசனை.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியீட்டு விழா. கோவில் வாசலில் எல்லோருக்கும் முதலிலேயே ஆளுக்கொன்று கொடுத்தாகிவிட்டது. ஐயர் (எங்கள் பக்கத்துச் சபைகளில் தேவாலயத்தைக் கோவில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் அழைப்போம்) ஒன்றைக் கையில் வாங்கி ஜெபம் செய்தார். நல்ல மனிதர். கையில் ஒரு காகிதம் கிடைத்தால் மேலிருந்து கீழே கடைசி வரிவரை சத்தமாக வாசித்துவிடுவது அவர் வழக்கம். கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தின் பெயரைக்கூட விட மாட்டார்.

"பெரிய வெள்ளிக்கு என்ன வசனம் வந்திருக்குன்னு பாப்போம்" என்று புரட்டினார். வசனத்தை உருக்கமாக வாசித்தார். சபை கண்ணை மூடிக் கேட்டது. அதே குரலில் தொடர்ந்தார்.

"சுபமுகூர்த்த நாள். நல்ல நேரம் ஒன்பதே கால் முதல் பத்தே கால் வரை. ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. சூலம் மேற்கு. பரிகாரம் வெல்லம்."

சபை பழக்க தோஷத்தில் "ஆமென்" என்றது.

"மேஷம், லாபம். ரிஷபம், வீண் செலவு" என்ற இடத்தில்தான் ஐயர் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். ரிஷபத்துக்கு அப்போதும் வீண் செலவுதான். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் மெதுவாகக் கேட்டது: "ஐயா, கடகத்துக்கு என்ன போட்டிருக்கு?"

முன்வரிசையில் அம்மாவின் முதுகு தெரிந்தது. எப்போதும் விறைப்பாக இருக்கும் முதுகு. அது கொஞ்சம் குனிந்ததைப் பார்த்தபோது வந்த வெட்கம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

கோவிலின் பக்கத்து அறையில் விசாரணை. சபை நிகழ்ச்சி குறைவாக இருந்த நாட்களிலெல்லாம் இயந்திரம் காலி இடத்தைப் பார்த்திருக்கிறது. காலி இடம் என்றால் அதற்குப் பொறுக்காது. அஷ்டமி, கரிநாள், முகூர்த்தம், ராசி பலன் என்று அள்ளிப் போட்டு நிரப்பியிருக்கிறது. பாக்கியம் டீச்சர் காலண்டரை என் முன்னால் நீட்டினார்.

"என்னம்மா இது?"

"அது நான் எழுதல டீச்சர். ஏ.ஐ. எழுதினது."

"அப்ப அடியில ஒம் பேரு எதுக்கு?"

இந்தத் துறையில் பெரிய பெரிய மேடைகளில் பெரிய பெரிய ஆட்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஒருவரும் இந்தக் கேள்விக்கு இதுவரை நேராகப் பதில் சொல்லவில்லை.

அம்மா சொன்ன சொல்லில் நின்றார். "அடுத்த ஞாயிறு ராஜினாமா கடுதாசி தாரேன் ஐயா. அதுக்குள்ள அம்புட்டு காலண்டரையும் திருப்பி வாங்கிருதேன்." வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "தெரியாதுன்னு சொல்லத் தெரியாத ஒண்ண நம்பிட்டியே புள்ள."

மறுநாள் சித்தப்பாவின் லோடு ஆட்டோவில் நானும் அம்மாவும் வசூலுக்குக் கிளம்பினோம். முதல் வீட்டில் பட்டாசு ஆலை போர்மேன் ஒருவர், "மழையில நனைஞ்சு போச்சு சிஸ்டர்" என்றார். காலண்டர் கொடுத்ததே முந்தின நாள்தான், அதற்குப் பிறகு ஒரு தூறல்கூட இல்லை. அவர் தோளுக்குப் பின்னால் காலண்டர் புத்தம் புதுசாகத் தொங்கியது. அடுத்த வீட்டில், சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. அதற்கடுத்த வீட்டில், பிள்ளை கிழித்துவிட்டான். (அந்த வீட்டில் பிள்ளையே கிடையாது.) ஆமத்தூரில் ஒரு டீச்சரக்கா மட்டும் உண்மையைச் சொன்னார்.

"இருக்கட்டுமே சிஸ்டர். நாங்க பாக்கிறதுக்கு இல்ல. பக்கத்து வீட்டுக்காரவுக வந்தா கேப்பாக."

"அக்கா, அது நெசப் பஞ்சாங்கமே இல்ல" என்று நான் மன்றாடினேன். "கெழமைய வச்சு வர்ற ராகு காலம், சூலம் மட்டுந்தான் சரி. மத்ததெல்லாம் மிஷின் இட்டுக்கட்டினது. யாரும் நம்பக் கூடாது."

"நாங்களும் நம்பலையே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வாரக் கடைசியில், எல்லா வீடும் முடிந்து, பாக்கியம் டீச்சர் வீடு. அம்மா வாசலிலேயே தயங்கி நின்றார். உள்ளே கூடத்தில் எங்கள் காலண்டர் தொங்கியது. அதுவும் ஜூலைக் கடைசிவரை தாள்களை மேலே மடித்து விட்டு, ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. தாளில் 'சுபமுகூர்த்தம்' என்று இருந்தது. அம்மா கணக்குப் போட்டார்.

"டீச்சர், இது ஆடி மாசமுல்லா?"

ஆடியில் எங்கள் ஆட்களும் கல்யாணம் வைப்பதில்லை. கேட்டால் காற்று அதிகம், பந்தல் நிற்காது என்பார்கள்.

"பையன் கல்யாணத்துக்குத் தேதி பாத்தேன்" என்றார் டீச்சர், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "மூடநம்பிக்கைல்லாம் ஒண்ணுமில்ல. மண்டபம் அன்னிக்குக் காலியா இருக்குன்னாக. காலண்டர்லயும் அப்படிப் போட்டிருந்துச்சு. சரிதான்னு வச்சேன்."

அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்துவிட்டது.

"அப்ப இத நான் எடுத்துட்டுப் போகவா டீச்சர்?"

"எதுக்கு? அதான் ஆணி அடிச்சு மாட்டியாச்சே. காபி குடிக்கீகளா சிஸ்டர்?"

ஞாயிற்றுக்கிழமை அம்மா கடிதத்தைக் கொடுத்தார். ஐயர் அதையும் 'இப்படிக்கு' வரை சத்தமாக வாசித்தார். பாக்கியம் டீச்சர்தான் எழுந்தார்.

"தப்புன்னா திருப்பிக் குடுத்திருப்பாகல்ல. யாரு குடுத்தா? கையத் தூக்குங்க."

சபை முழுக்கத் தரையைப் பார்த்தது. ஐயர் அந்தத் தலைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். கடிதத்தை நாலாக மடித்து அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சிஸ்டர் செயலாளராவே இருப்பாக. சரியான காலண்டர் ஒண்ணு அடிச்சாகணும்" என்றார். என் பெயரை எடுத்துவிடலாமா என்று கமிட்டியில் யாரோ கேட்டதற்கு அம்மா ஒப்பவில்லை. "தப்பா போட்டதும் எம் மகதான், சரியா போடப்போறதும் அவதான். பேரு இருக்கட்டும்" என்றார்.

இரண்டாவது காலண்டருக்கும் அதே இயந்திரத்தைத்தான் பிடித்தேன். கோபித்துக்கொண்டு விட்டுவிட நான் சாமியாரில்லை. ஆனால் அது எழுதிய புரோகிராமை வரி வரியாகப் படித்தேன், தெரியாத இடத்தில் நிறுத்திக் கேள் என்று கட்டளை போட்டேன், எல்லாத் தாளையும் நான் வாசிக்க அம்மா சரிபார்த்தார். அதில் ஒரு பிழை காட்டுகிறவருக்கு என் முதல் பரிசைக் கொடுத்துவிடுகிறேன். அந்தக் காலண்டரை ஐயர் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் மட்டும் மாட்டினோம். மற்றதெல்லாம் வாங்க ஆளில்லாமல் கோவில் அறையில் கட்டோடு இருக்கிறது.

கம்பெனியிலும் அதற்குப் பிறகு நான் படிக்காமல் 'ஓகே' அழுத்துவதில்லை. ஆரம்பத்தில் மேனேஜர் என்னை ஆமை என்றார். இரண்டு மூன்று முறை பெரிய வம்பிலிருந்து காப்பாற்றிய பிறகு, முக்கியமான வேலை எதுவானாலும் 'கிரேஸ் படித்தாளா?' என்று கேட்கிறார். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலை கனக்கிறது, கனக்கட்டும்.

ஆனால் ஊரில் என் கீர்த்தி வேறு. பாக்கியம் டீச்சர் மகன் கல்யாணம் அந்த ஆடியிலேயே ஜாம்ஜாமென்று நடந்தது. சமையல்காரர், பேண்டு வாத்தியம், வேன் எல்லாம் கேட்ட நேரத்துக்குக் கிடைத்தன. ஆடியில் அவர்களுக்கு வேறு வேலை ஏது. அடுத்த வருஷமே பேத்தி. "கிரேஸ் போட்ட நாளு, அம்புட்டு ராசி" என்று டீச்சர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து போன் வருகிறது. கம்ப்யூட்டரில் பி.இ. படித்த நான், ஒரு கிறிஸ்தவ சபைக்கு ஜோசியர் ஆகிவிட்டேன். ஆரம்பத்தில் அம்மா அந்தப் போன்களைத் திட்டி வைப்பார். 'இதெல்லாம் நாம பாக்கிறதா?' என்று அரை மணி நேரம் பிரசங்கமே பண்ணுவார்.

போன வாரம் நான் அறைக்குள் மீட்டிங்கில் இருந்தேன். வெளியே அம்மா போனில் பேசுவது கேட்டது. வெம்பக்கோட்டையில் யாரோ புது வீடு கட்டியிருக்கிறார்கள் போல, பிரதிஷ்டைக்கு (எங்கள் சபையில் கிரகப்பிரவேசத்துக்கு அதுதான் பெயர்) நாள் கேட்கிறார்கள். பிரசங்கம் தொடங்கப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டேன். அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"அவ மீட்டிங்ல இருக்கா. முடிச்சதும் பாத்துச் சொல்லச் சொல்லுதேன். எம் மக சொன்னா தப்பாது."