ஃபோர்மேன் தைத்த குடைக் கவுன்

எம். புதுப்பட்டி,
புதன்கிழமை காலை.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையும் பிள்ளைகுட்டிகளுமாகச் சிறப்போடு இருக்கும் அன்பு அண்ணன் பால்பாண்டி அவர்களுக்கு, தங்கை கற்பகவல்லி வணங்கி எழுதிக்கொள்வது. நீங்களும் மதினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். இனி உள்ளதை எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று மதினி கேட்பார்கள். போன் வீட்டுக்கு வெளியே, ஜன்னல் திட்டில், என் வீட்டுக்காரர், அதுதான் உங்கள் மாப்பிள்ளை, வைத்த இடத்தில் இருக்கிறது. அவர் உள்ளே தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஜன்னல் கம்பி வழியாக அதில் ஓடும் தையல் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பட்டாசுக் கம்பெனியில் வேலை நடக்கும் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் இப்போது நம் வீட்டு நடு அறைக்கும் வந்துவிட்டது. போன வாரம் நீங்கள் கூப்பிட்டபோது கம்பிக்கு வெளியே கையை விட்டு எடுத்து, "மச்சான், கழுத்து வெட்டிக்கிட்டு இருக்கேன், பெறகு பேசுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டாரே, அது யாருடைய கழுத்தோ என்று நீங்கள் ராத்திரிச் சோறு இறங்காமல் இருந்ததாக மதினி சொன்னார்கள். பயப்பட வேண்டாம். கவுனுடைய கழுத்துதான்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். சித்திரையில் அவர் பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள், வேனில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள், அத்தோடு முடிந்தது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். மறுநாள் விடியும் முன்னே குளித்து, சட்டை மாட்டி, வாசலில் நின்றுகொண்டு கம்பெனி வேன் போவதைப் பார்த்தார். முதல் வாரம் டிரைவர் வேனை நிறுத்தி வணக்கம் சொன்னான். அடுத்த வாரம் ஹாரன் மட்டும் அடித்தான். அதற்கடுத்து, நம் வீடு வந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தான். வேன் கிடைக்காத கோபத்தை வீட்டின்மேல் காட்டினார். அடுப்படியை ஆய்வு செய்து கேஸ் சிலிண்டரைக் கொல்லைக்கு மாற்றினார். மாடியில் நான் காயப்போட்ட வடகத்தைப் பார்த்து, "ஒண்ணுக்கொண்ணு எடவெளி பத்தாது" என்று சொல்லித் தள்ளித் தள்ளி வைத்தார். நடந்தார், நின்றார், மறுபடி நடந்தார். "சித்த ஒக்காருங்களேன், எனக்குக் கண்ணு கட்டுது" என்றால், "ஒக்காந்தா எதையோ மறந்துட்டு வந்த மாதிரி இருக்கு கற்பகம்" என்பார். எதை என்று கேட்டால் தெரியாது. அவர் நடையைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கால் நிலைகொள்ளாமல், அவருக்குப் பின்னால் நானும் துடைப்பத்தோடு நடந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து எங்கள் மகள் ஸ்ரீமதி ஒரு படம் அனுப்பினாள். வெள்ளைக்காரச்சி ஒருத்தி, இடுப்பு சிறுத்து, கை உப்பி, பாவாடை குடை மாதிரி விரிந்த கவுன் போட்டுக்கொண்டு நிற்கிறாள். ஆபீஸ் விழாவுக்கு இதே மாதிரி வேண்டும், ஊரில் நல்ல தையற்காரர் யாராவது இருந்தால் தைத்து அனுப்புங்கள் என்று கேட்டாள். "இது வின்டேஜ்ப்பா" என்றாள். வின்டேஜ் என்றால் என்ன என்று இவர் கேட்க, பழைய காலத்து மாதிரி என்று அவள் சொல்ல, "பழசுன்னா உங்க அம்மா பொட்டியிலயே கெடக்குமே" என்று இவர் சொல்ல, அவள் போனை வைத்துவிட்டாள். நம் ஊர்த் தையற்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, ஜாக்கெட்டுக்கு மேல் தான் போவதில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். உங்கள் மாப்பிள்ளை அந்தப் படத்தை ஒருநாள் முழுக்கப் பார்த்தார். சாயங்காலம், "இதுல என்ன இருக்கு? பாவாட சங்குச்சக்கரம், கை புஸ்வாணம். நடுவுல ஒரு ஓட்ட, சுத்தி வட்டம். நானே தைக்கேன்" என்று எழுந்தார். பரணிலிருந்து மெஷினை இறக்கினார். என் கல்யாணத்துக்கு நீங்கள் சீராகக் கொடுத்த மெஷின்தான். அதனால் இதில் பாதிக் குற்றம் உங்களுடையது என்பதை மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன்.

தைக்கிறவர் தைத்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன. ஆனால் அவருக்குத் தெரிந்தது ஒரே மாதிரி வேலை, அது பட்டாசு வேலை. நடு அறை வாசலில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். கதவு நிலையில் செம்புத் தகடு ஒன்றை அறைந்திருக்கிறார். உள்ளே போகிறவர்கள் உடம்பில் உள்ள கரண்ட் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். செருப்பு கூடாது. நாலு பேருக்கு மேல் கூடாது. இந்த வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். பருத்தி தவிர வேறு துணி உடுத்தியவர்களுக்கு அனுமதி இல்லை. பக்கத்து வீட்டுப் பாண்டிமீனா நைலக்ஸ் சேலையோடு தயிருக்கு உறை கேட்டு வந்தவளை, வாசலிலேயே நிறுத்தி, "பொறி கிளம்புத துணிம்மா, அங்கனயே நில்லு" என்றார். அவள் உறையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று போனவள், இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இடி இடித்தால் இன்னும் மோசம். கம்பெனியில் இடி மின்னல் என்றால் வேலையை நிறுத்தி எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டுமாம். ஆகையால் மெஷினை நிறுத்தி, என்னையும் கிளப்பி, இரண்டு பேரும் தெருவில் நின்று நனைகிறோம். ஊரே மழைக்கு வீட்டுக்குள் ஓடும்போது நாங்கள் மட்டும் வீட்டிலிருந்து வெளியே ஓடி வருகிறோம்.

கவுனும் ஒரு வழியாக உருவாயிற்று. நீங்கள் போன தீபாவளிக்குக் கொண்டுவந்து கொடுத்த பச்சைப் பருத்தி ஜன்னல் திரை அதற்குத் துணியாகப் போயிற்று. பாவாடை விரிந்து நிற்க வேண்டும் என்பதற்காக உள்பாவாடைக்கு மைதாப் பசை காய்ச்சித் தடவினார். வெடிக்குக் குழாய் சுற்றுகிற அதே பக்குவம். காய்ந்ததும் பாவாடை தானாக எழுந்து நின்றது. எறும்பு வந்தது, அதையும் தட்டிவிட்டார். விளிம்பு மடங்காமல் இருக்க, சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருக்கிற சிநேகிதரிடம் காலண்டருக்கு மேலே அடிக்கிற தகரப் பட்டைகள் வாங்கிவந்து உள்ளே வைத்துத் தைத்தார். பிறகு என்னை முக்காலியில் ஏறச் சொன்னார். "எனக்கெதுக்குங்க, பிள்ளைக்குத்தான" என்றேன். "சாம்பிள் வெடிச்சுப் பாக்காம எவனாச்சும் லோடு ஏத்துவானா?" என்றார். அண்ணே, உங்கள் தங்கை சாம்பிள் ஆனாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ரீமதியும் அவள் ஆபீஸில் வேலை பார்க்கும் தருண்குமாரும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய்ச் சொன்னதும், விருதுநகரில் அந்தப் பையன் வீட்டார் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பதும், கல்லாவில் உட்கார்ந்து மண்டியை நடத்துவது அவன் அம்மா வீரலட்சுமிதான் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இருக்கன்குடிக் கோயிலுக்குப் போனவர்கள் சாமி கும்பிடுவது சீக்கிரம் முடிந்ததென்று மத்தியானமே வந்துவிட்டார்கள். அப்போது நான் முக்காலியில். கொக்கி இன்னும் வைக்கவில்லை. அளவு சரியாக நிற்கட்டும் என்று என்னை உள்ளே வைத்தே முதுகில் நூல் ஓட்டிவிட்டார். கழற்றவும் முடியாது, மேலே சேலையைச் சுற்றலாம் என்றால் பாவாடை அரை அறைக்கு விரிந்து நிற்கிறது. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். பாவாடை ஒளியவில்லை.

வீரலட்சுமி அம்மாள் வாசலில் நின்று, "அண்ணாச்சி, இருக்கீகளா?" என்று கேட்டபடி காலெடுத்து வைத்தார்கள். உங்கள் மாப்பிள்ளை வாயில் குண்டூசியோடு ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து நிறுத்தினார்.

"வாங்கம்மா. இந்தச் சேலையோட உள்ள வரக் கூடாது."

"என்ன அண்ணாச்சி?"

"பாலியஸ்டரு. நடு ரூமைத் தாண்டித்தான உள்ள வரணும்."

"இது பட்டு அண்ணாச்சி. நிச்சயத்துக்குக் கட்டணும்னு பாத்துப் பாத்து எடுத்தது."

அத்தோடு விட்டிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். அவர் முந்தானை நுனியை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்து, கம்பெனியில் சரக்கைத் திருப்பி அனுப்புகிற அதே குரலில், "பட்டு இல்லம்மா. கடைக்காரன் ஏமாத்திப்புட்டான்" என்றார். அவர்கள் முகம் கருத்தது. கூட வந்த வீட்டுக்காரர் சண்முகவேல் அண்ணாச்சி சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்தார். பார்த்தவர், "மழ வரும் போலுக்கே" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு இடி. "எல்லாரும் வெளிய வாங்க!" என்று உங்கள் மாப்பிள்ளை போட்ட சத்தத்தில் நான் என்னை மறந்து கதவுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்துவிட்டேன். தகரம் சலசலக்க, புஸ்வாணக் கையும் பச்சைப் பாவாடையுமாக, ஐம்பத்தாறு வயதில், வரப்போகிற சம்பந்திகளுக்கு நடுவில், தெருவில் நின்று நனைந்தேன். பாண்டிமீனா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மழைத்தண்ணி பட்டு மைதா இளகி, காலில் கஞ்சி வடிந்தது. நான் இடுப்புப் பக்கத்திலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டுக் கையைக் கூப்பி, "வாங்க, சாப்பிட்டீகளா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது? வீரலட்சுமி அம்மாள் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு அவர் என்னை உட்காரவைத்து முதுகுத் தையலைப் பிரித்தார். நான் அழுதேன், கத்தினேன். "பிள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டாச்சே, இந்தப் பாழாப்போன தையலு இல்லாட்டி உசுரா போயிரும்?" என்று கேட்டேன். அவர் நூலை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டே சொன்னார்: "கம்பெனியில நான் இருந்த வரைக்கும் ஒரு தப்பு நடந்துரக் கூடாதுன்னே ஒக்காந்திருந்தேன் கற்பகம். அங்கன தப்புன்னா தப்புதான், திருத்த முடியாது. ஆளு போயிரும். இதுல பாரு, எம்புட்டுத் தப்பாத் தச்சாலும் பிரிச்சுத் திரும்பத் தைக்கலாம். இம்புட்டு நாளும் இப்படி ஒரு வேல இருக்குன்னு எனக்கு எவனும் சொல்லலியே."

நான் முதுகை நேராக்கிக் கொடுத்தேன். முதுகில் அவர் விரல் நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு நேரம் அவர் ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் அண்ணே, கடைசி நூலும் வந்த பிறகு, விட்ட இடத்திலிருந்து நிறையச் சொல்லிவிட்டேன். ஸ்ரீமதி போனில் அழுகிறாள். "அம்மா, அவங்க அம்மா வீட்டுல யார் கூடவும் பேசலையாம்" என்கிறாள். விருதுநகரிலிருந்து இதுவரை ஒரு தகவலும் இல்லை. நான் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். இப்போது வீட்டில் நடப்பது நான்தான். அவர் நிம்மதியாகக் கொக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகையால், இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கட்டாயம் வர வேண்டும். வந்து, விருதுநகர் போய், அன்றைக்கு மாப்பிள்ளைக்குக் காய்ச்சல், தன் நினைவில் இல்லை என்று ஏதாவது சொல்லிச் சமாதானம் பண்ண வேண்டும். திரும்பும்போது நீங்கள் கொடுத்த மெஷினை நீங்களே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும். அவர் தடுத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். மதினிக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு முத்தமும். உங்கள் குடும்பம் குறையொன்றும் இல்லாமல், யாரும் எதையும் தைக்காமல், நல்லபடியாக இருக்க நம் பத்திரகாளியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனம் நொந்த தங்கை,
கற்பகவல்லி.

பி.கு.: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். உங்கள் மாப்பிள்ளை ஸ்ரீமதிக்குத் தைக்கப்போகும் கவுனுக்கு நூல்கண்டு வாங்கச் சிவகாசிக்குப் போனதால் போன் என் கையில் இருந்தது. வீரலட்சுமி அம்மாள் கூப்பிட்டார்கள். "மதினி, கோவத்துல இருந்தேன், இல்லைங்கல. நேத்துக் கடையில போயி சேலையத் தூக்கிப் போட்டேன். பாலியஸ்டருதான்னு ஒத்துக்கிட்டு மாத்திக் கொடுத்துட்டான். எங்க மண்டியில அம்புட்டுச் சாக்கு அடுக்கிக் கெடக்கு, பீடியோட வாரவன நிறுத்த ஒரு ஆம்பளைக்குத் தைரியம் இல்ல. உங்க வீட்டுக்காரரு சம்பந்தியவே வாசல்ல நிறுத்திப்புட்டாரு. அவரு வளத்த பிள்ளைய எனக்குக் கொடுங்க. அடுத்த வெள்ளிக்கெழம பூ வைக்க வாரோம்" என்றார்கள். நான் அழுதுவிட்டேன். போனை வைக்கப் போகிறார்கள் என்று பார்த்தால் வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்: "மதினி, தெருவுல நனையும்போது இடுப்புப் பக்கம் கைய உள்ள விட்டு என்னமோ எடுத்தீகளே, என்னது?"

"கைக்குட்ட. கவுன்ல ஜோப்பு இருக்கு."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

அந்தப் பக்கம் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எம்புட்டு ஆழம்?" என்றார்கள்.

அண்ணே, நீங்கள் சமாதானம் பேச வர வேண்டாம்; பூ வைக்க வாருங்கள். மெஷினைத் தொட வேண்டாம். வரும்போது திருப்பூரிலிருந்து நல்ல பருத்தித் துணியாக இரண்டு கவுனுக்கு எடுத்து வாருங்கள். ஒன்று விருதுநகர் மதினிக்கு. கல்லாச் சாவி, கண்ணாடி, மாத்திரை எல்லாம் வைக்கிற மாதிரி ஆழமான ஜோப்பு வேண்டுமாம், வீட்டுக்குள் மட்டும்தான் போடுவார்களாம். இன்னொன்று எனக்கு. இப்போது நான் போட்டிருக்கிற சாம்பிளைத் துவைத்துப் போட்டால், மாற்றுக்கு வேறு கவுன் இல்லை.