கெண்டைக்கால் வளர்த்த கதை

இந்த வருஷம் என் கெண்டைக்கால் நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டியே தீரும் என்று ஜூலை மாதமே அறிவித்துவிட்டேன். அறிவித்தது என் மனைவி ஆஃப்ராவிடம். அதுதான் முதல் தப்பு.

ஜெர்மனியின் தெற்கே, எங்கள் பவேரிய மலையில் ஆண்பிள்ளைக்கு அழகு முகத்தில் இல்லை. தோல் டவுசருக்குக் கீழே, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே இருக்கிறது. அக்டோபர் மாதாகோவில் திருவிழாவுக்கு முந்தின நாள், பீர்க்கடையில் காலுறையை இறக்கிவிட்டு நாடா வைத்து அளப்பார்கள். எவன் கால் பருமனோ அவன்தான் தொடைதட்டி ஆடும் ஆட்டத்தில் முதல் ஆள். ஒன்பது வருஷமாக அது நான். இப்போது பால்காரன் க்விரின் வளர்ந்து வருகிறான், எல்லாப் பக்கமும்.

தாத்தா காலத்தில் காலுறைக்குள் கம்பளி அடைத்தார்கள். இறக்கி அளக்கும் வழக்கமே அதனால் வந்ததுதான். அப்பா காலத்தில் காஞ்சொறியால் அடித்துக்கொண்டார்கள். வீக்கம் ஒரு நாள் தாங்கும், அரிப்பு ஒரு வாரம். நானோ விஞ்ஞான யுகத்து மனிதன். மியூனிக்கிலிருந்து தபாலில் தேகப்பயிற்சிப் புத்தகம் வரவழைத்தேன். அட்டையில் ஒரு மீசைக்காரர் உடுத்த மறந்து நின்றார்.

"என்னங்க போட்டிருக்கு?" என்றாள் ஆஃப்ரா.

"முதுகுல முப்பது கிலோ மணல் மூட்டையோட தினம் இருபது தடவை மேடேறணும்."

"மணல்தான் வேணுமா? விறகுன்னா கால் கோவிச்சுக்குமா?"

"சுமைன்னா சுமைதான்."

"ஓடைக்கரையில வெட்டிப் போட்ட விறகு கெடக்கு. நம்ம வீடும் மேட்டுலதான் இருக்கு."

"இது பயிற்சி. வேலை இல்ல."

"நான் வேலைன்னா சொன்னேன்?"

"இன்னொண்ணு. நாடாவால அடிக்கடி அளக்கக் கூடாதாம், மனசு தளர்ந்துடுமாம். காலுறை இறுகுறதை வெச்சே தெரிஞ்சுக்கணுமாம்."

"அப்படியா," என்றாள். அந்த 'அப்படியா'வை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஆகஸ்டில் காலுறை லேசாகப் பிடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கடிகாரம் ரிப்பேர் கடையை மத்தியானமே மூடிவிட்டு விறகு சுமந்தேன். செப்டம்பரில் காலுறையை இழுத்து மாட்ட மூச்சு வாங்கியது. விறகு தீர்ந்துபோனதால் எருவையும் மேலே சுமந்தேன்.

"இன்னும் ரெண்டு வாரம் செஞ்சீங்கன்னா காலுறை கிழிஞ்சிடும்," என்று கவலைப்பட்டாள். அந்த மகிழ்ச்சியில் உருளைக்கிழங்கு மூட்டைகளையும் ஏற்றிவிட்டேன்.

அந்த நாள் வந்தது. பீர்க்கடை கஸ்பார் நாடாவைச் சுற்றினான். இன்னொரு தடவை சுற்றினான்.

"முப்பத்தெட்டு. போன வருஷமும் அதேதான்ப்பா."

க்விரின் முப்பத்தொன்பதரை. முதல் இடம் போயிற்று. ஒன்பது வருஷ மானமும் கூடவே போயிற்று. அழுகை வந்தது, பீரோடு விழுங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் காலுறையை அவள் முன்னால் வீசினேன்.

"கால் வளரலை. பின்ன இது எப்படி இறுகுச்சு?"

"வாராவாரம் கொதிக்கிற தண்ணியில போட்டேன். கம்பளி சுருங்குமில்ல."

"ஏமாத்திட்டியே!"

"குளிருக்கு விறகு வந்துச்சா இல்லையா?" என்றபடி, மிச்சமிருந்த கடைசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பரணுக்கு ஏணியேறினாள். பாவாடையை இடுப்பில் செருகியிருந்தாள். அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். இறங்கியதும் நிற்கவைத்து, அவளுடைய தையல் நாடாவாலேயே அளந்தேன்.

நாற்பத்து மூன்று.

"நீ என்னடி பயிற்சி செஞ்சே?"

"கல்யாணம்," என்றாள்.