இன்பாஸ் சேர் முடிவெடுத்த படலம்

வாழ்க இன்பாஸ் சேர்! சாய்ந்தமருதின் கடற்காற்று தலைமயிரைக் கலைத்தாலும் சிந்தனையைக் கலைக்கவியலாத திண்மனச் செம்மல் வாழ்க! சந்தியில் நின்று, இடப்புறமோ வலப்புறமோ எனச் சீர்தூக்கி, தூக்கியதை இறக்கி, இறக்கியதை மீண்டும் தூக்கி, ஈற்றில் வந்த வழியே வீடு திரும்பும் பெருந்தகை வாழ்க! கணிதம் கற்பிக்கும் அக்கரங்களை, கரும்பலகையில் விடையை எழுதிவிட்டு அதுவே விடைதானா என்று தாமே ஐயுற்று அழிக்கும் அப்பொற்கரங்களை, இக்கதை போற்றிப் பாடும்.

ஆசிரியர்களுக்கென நடந்த ஒருநாள் கருத்தரங்கொன்றில் அண்ணல் ஒரு பேருண்மையைப் பெற்று வந்தார். மாந்தர் நால்வகையர்: முந்திப் பாய்வோர், ஊரைக் கேட்போர், காத்திருப்போர், ஆராய்வோர். அன்றுமுதல் எதிர்ப்படும் எவரையும் வகைப்படுத்தாமல் அவர் விட்டதில்லை. சைக்கிளில் மீன் கொண்டுவருபவர் எவ்வகையினர் என இவர் தெளிவதற்குள் மீன் அடுத்த தெருவுக்குப் போய்விடும். தம்மை நான்காம் வகை என்றறிந்தபோது அவருக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. மற்ற மூவகையினரை எண்ணி அவர் சிறிது இரங்கவும் செய்தார்.

ஆயினும் வீரர்க்கும் வீட்டில் சோதனை உண்டன்றோ! அன்று காலை, கலியாண வீட்டுக்கு உடுக்க வெள்ளைச் சேட்டா கோடு போட்ட சேட்டா என்று அலுமாரிமுன் அவர் தவமியற்றி நிற்க, மனையாட்டி முனவ்வறா, ஈராண்டாய்த் துருக்காப்புச் செம்பூச்சோடு மட்டும், மேல்வண்ணம் காணாது நிற்கும் வீட்டு வாசற் கேற்றைச் சுட்டிக்காட்டி, இவ்வாறு முழங்கினாள்:

“சேட்டு ஒண்டு எடுக்கிறதுக்கும் ஊர்க்கூட்டம் போடணுமா? இண்டைக்கு ஒரு முடிவ, ஆர்க்கிட்டயும் கேக்காம, நீங்களா எடுங்க பாப்பம். எடுத்தீங்கெண்டா கேற்றுக்கு உங்கட விருப்பத்துக்குப் பெயின்ற் அடிங்க. இல்லாட்டி நான் பச்சை அடிச்சிருவன். பொறகு கதைக்கப்படாது!”

பச்சையா! அண்ணலின் நெஞ்சம் நெடுநாளாய் நேசித்தது நீலம். எந்த நீலம் என்பதில் மட்டுமே முடிவு எட்டப்படவில்லை. அந்த நீலத்தின் மானத்தை நெஞ்சில் தாங்கி, முனவ்வறா எடுத்துக் கொடுத்த கோடு போட்ட சேட்டை அணிந்து, கலியாண வீடு நோக்கிப் படையெடுத்தார் இன்பாஸ் சேர்.

ஆங்கே, பந்தலின்கீழ் விரித்த பாய்மேல், நால்வர் சுற்றியமர்ந்து ஒரே பெருந்தட்டில் உண்ணும் சஹன் வந்து இறங்கியது. மாட்டிறைச்சிப் புரியாணி மலைபோல் எழுந்து நிற்க, அதன் ஆவி அண்ணலின் மூக்குக்கண்ணாடியை மூடிவிட, அதைக் கழற்றிச் சேட்டுப்பைக்குள் வைத்தார். எதிரே மாமனார் அதாவுல்லா, நெல் வியாபாரி, விலையைக் கேட்குமுன்பே மூடையைத் தூக்கும் முதல்வகைப் போர்வேழம். வலப்புறம் மச்சான் முஸ்தாக், ஊரைக் கேட்போன். இடப்புறம் கலியாண மாப்பிள்ளையின் கூட்டாளி ஸிராஜ், பிறர் கை அசையும்வரை தன் கை அசைக்காத மூன்றாம் வகை. நால்வகையும் ஒரு தட்டில்! கருத்தரங்கே எழுந்துவந்து சம்மணமிட்டாற்போல அண்ணல் மெய்சிலிர்த்தார்.

இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லி நால்வரும் உண்ணலாயினர். அவரவர் முன்னால் உள்ளதையே உண்ண வேண்டும், நடுவே கிளறலாகாது, கிடப்பதை உற்றுப் பார்ப்பதும் அழகன்று என்பது சஹனின் மரியாதை. அம்மரியாதை காத்து நாற்புறமும் மலை கரைய, இறைச்சியெல்லாம் இறைவன் அளந்த வயிறுகளைச் சேர, நட்டநடுவே எஞ்சியது ஒரு துண்டு. பழுப்பு நிறத்தது, பருத்தது, மசாலாப் போர்வை போர்த்தது, தனித்தது! இதுவன்றோ களம், இதுவன்றோ முடிவெடுக்கும் வேளை என அண்ணலின் உள்ளம் ஆர்ப்பரித்தது. எடுத்தால் மாமனாரும் மச்சானுமே முனவ்வறாவிடம் சாட்சி சொல்வர். கேற் நீலமாகும்.

மாமனார் கை நீண்டது. ஆனால் முதல்வகையினரான அவர், சோற்றுக்கு வழிவிட அத்துண்டை ஒரு விரலால் ஓரம் தள்ளினார். ‘ஆகா, என்னே சூழ்ச்சி! தமக்கு வசதியான இடத்துக்கு நகர்த்துகிறார்’ என ஆராய்ந்தார் அண்ணல். முஸ்தாக் அதை ஸிராஜின் பக்கம் நகர்த்தினான். ‘பிறர் கருத்தை அறிய விழைகிறான்.’ ஸிராஜ் அதைப் பார்த்தான், முகம் திருப்பி, தொட்டுக்கொள்ள அச்சாறை எடுத்தான். ‘காத்திருக்கிறான்! கரைவலை இழுப்போர் போலப் பொறுமையாய்க் காத்திருக்கிறான்!’ மரியாதை என்னும் வேலி ஒருபுறமும் நீலம் என்னும் வேட்கை மறுபுறமும் இழுக்க, மூவரின் உள்ளத்தையும் துருவித் துருவி ஆராய்ந்த அண்ணலின் நெற்றியில் வியர்வை முத்தரும்பியது. பரிமாறுவோர் விருந்தை முடிக்கும் இனிப்பான வட்டிலப்பத்தோடு வரிசையில் நெருங்கினர். இன்னும் சற்றில் சஹனைத் தூக்கிவிடுவர்.

அப்போது நிகழ்ந்தது அது. வாழ்நாளில் முதன்முறையாக, ஆராய்ச்சி அத்தனையையும் பாயின்மேல் உதறிவிட்டு, எவரையும் கேளாமல், வலக்கரம் உயர்த்தி, பந்தலே திரும்பிப் பார்க்க முழங்கினார் இன்பாஸ் சேர்:

“இந்தத் துண்ட நான்தான் எடுக்கிறன்!”

“எடுங்க மகன், தாராளமா எடுங்க” என்றார் மாமனார் திகைத்து.

“அதுக்கு ஏன் மச்சான் கத்துறீங்க?” என்றான் முஸ்தாக்.

தோற்றோரின் புலம்பல் எனக் கொண்டு, அவர்களை மன்னித்து, பாரும் நீரும் வாழ்த்த, கண்முன்னே கேற்றொன்று நீலமாய் விரிய, அதை எடுத்து முழுதாய் வாயிலிட்டு வீரப்பல் பதித்துக் கடித்தார் அண்ணல்.

அது உருளைக்கிழங்கு.