வேகமானவருக்கே வேலை

வீட்டில் பாத்திரம் தேய்ப்பது யார் என்ற தகராறுக்கு இன்றோடு முடிவு கட்டுவது என்று அவர் தீர்மானித்தார். எந்தச் சரக்கை எந்த வண்டியில் ஏற்றுவது என்று ஒரு பெரிய கிடங்கின் கம்ப்யூட்டருக்கே சொல்லிக்கொடுக்கிறவர். வீடு எம்மாத்திரம்? உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல்வரை நடந்தார், மறுபடி உட்கார்ந்தார். பத்து மணிக்குள் வீடு மொத்தமும் லேப்டாப்புக்குள் போய்விட்டது.

தையல் மெஷினில் இருந்த மனைவியிடம் காட்டினார்.

"இதுல நான் எங்க?"

"இந்தக் கட்டம். பாத்திரம், பதினஞ்சு நிமிஷம். கம்ப்யூட்டருக்கு நீ அவ்ளோதான்."

"நீங்க?"

"ஒரு மணி நேரம்" என்றார், பணிவாக. "யார் சீக்கிரம் முடிப்பாங்களோ, வேலை அவங்களுக்கு. நானா சொல்லலை, கணக்கு சொல்லுது."

கம்ப்யூட்டர் வகுத்ததில் பெருக்கல் அவளுக்கு வந்தது, பொழுதைக் கழித்தல் அவருக்கு.

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "இந்த நிமிஷமெல்லாம் அளந்ததா, குத்துமதிப்பா?"

"குத்துமதிப்புதான்."

"அளவெடுக்காம வெட்டினா சட்டை சேருமா? என்னை அளந்து போடுங்க."

நியாயமாகப் பட்டது. கடிகாரத்தோடு அடுப்படியில் நின்றார். அவள் ஒரு கரண்டியைத் தேய்த்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மெஷினுக்குப் போய் இரண்டு பட்டன் தைத்தாள்.

"எங்க போற?"

"ஊறட்டும்."

பாத்திரத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். துணி மடிக்க இரண்டு. பெருக்கும்போது ஒரு மூலைக்கு ஒரு காலர் தைத்தாள். அவருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து கால் வீங்கியது. சாயங்காலத்துக்குள் வாடிக்கைக்காரர்களின் மூன்று சட்டைகள் தயார்.

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் அவரைப் போட வைத்தாள். அவர் பட்டனைத் தட்டினார். எல்லா வேலையும் அவர் பேரில் வந்து விழுந்தது.

"நீ வேணும்னே மெதுவா பண்ணினே."

"இருக்கலாம். 'வேணும்னே'ன்னு அதுல ஒரு கட்டம் இருக்கா?"

மேலிருந்து கீழ்வரை தேடினார். இல்லை.

"இப்பவே சேர்த்துடறேன்."

"சேருங்க. முதல்ல உங்க ஒரு மணி நேரத்துக்கு நேரா டிக் பண்ணுங்க."

அவர் லேப்டாப்பை மூடினார். முழுக்கையை மடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ஆத்திரத்தில் பன்னிரண்டே நிமிஷத்தில் மத்தியானத்துப் பாத்திரம் எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினால், வாசற்படியில் அவள் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.